சம்பள உயர்வை மறுத்த வாலிபன்

சம்பளத்தை உயர்த்தித் தாருங்கள் என்று முதலாளியிடம் மன்றாடுகிறவர்களை மதுரை மாநகரில் வீதிக்கு வீதி பார்க்கலாம். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனே. ஆனால், தயவுசெய்து உயர்த்திவிடாதீர்கள் என்று கைகூப்பி நிற்கிற ஒருவனைத் தரிசிக்கும் பாக்கியம் போன வாரந்தான் எனக்குக் கிட்டியது.

நான் கணக்கெழுதுகிற அச்சகத்தில் பைண்டிங் பகுதியில் வேலை பார்க்கிற வாலிபன் அவன். (பெயர் வேண்டாம், தம்பி என்றே வைத்துக்கொள்வோம்.) மத்தியானச் சாப்பாட்டு வேளையில், டிபன் பாக்ஸைத் திறக்காமலே என் மேஜைக்கு எதிரே வந்து நின்றான்.

"அண்ணே, முதலாளி அக்டோபர்ல இருந்து இருபத்தோராயிரத்து ஐந்நூறு போட்டுத் தர்றேங்கிறாரு."

"நல்ல சேதிதானடா! அல்வா எங்கே?"

"வேணாம்னு சொல்லிரலாமான்னு பாக்குறேண்ணே. நீங்க கொஞ்சம் பக்குவமா எடுத்துச் சொல்றீங்களா?"

வேறு யாராவது பக்கத்தில் இருந்திருந்தால், பையனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டியிருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுடைய தாயாருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டு, வாரந்தோறும் டயாலிசிஸ் நடந்து வருகிறது, அத்தனையும் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. கணக்கில், அவன் கையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு காசு போவதில்லை. இப்போது அவன் சம்பளம் 20,400 ரூபாய். இ.எஸ்.ஐ.யின் சம்பள உச்சவரம்பு 21,000. முதலாளி மனமுவந்து கொடுக்கிற 1,100 ரூபாயை அவன் வாங்கிக்கொண்டால், அந்தத் தாயாரின் வைத்தியத்துக்கு இருக்கிற ஒரே ஆதாரம் கையைவிட்டுப் போய்விடும்.

வேண்டாம் என்றது பைத்தியக்காரத்தனமா, வேண்டாம் என்று சொல்ல வைத்தது பைத்தியக்காரத்தனமா? இதை யோசிக்க யோசிக்க எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போனதன் விளைவுதான் இந்த நீண்ட பதிவு. காபி வைத்திருப்பவர்கள் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

*

இ.எஸ்.ஐ. என்றதும் முகத்தைச் சுளிக்கிறவர்கள் நம்மில் அநேகர். முதலில் பேட்டை டிஸ்பென்சரிக்குப் போய்ச் சீட்டு வாங்க வேண்டும். அங்கிருந்து தத்தனேரி ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவார்கள். அதற்கு மேற்பட்ட வியாதியென்றால் அங்கிருந்து இன்னோர் இடத்துக்கு எழுதித் தருவார்கள். ஒவ்வொரு வாசலிலும் வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் "சர்வர் டவுன்" என்கிற அசரீரி. இவையெல்லாம் சத்தியம். இந்தச் சலிப்பையெல்லாம் அனுபவித்தவன் என்கிற யோக்யதையோடுதான் அதன் அருமையையும் சொல்கிறேன்.

அருமை என்னவென்று கணக்காகவே காட்டிவிடுகிறேன் (கணக்குப்பிள்ளைக்கு வேறென்ன தெரியும்?). 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம்; முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். சில வருஷங்களுக்கு முன்பு என் சம்பளம் 20,500 ரூபாயாக இருந்தபோது, என்னிடம் பிடித்தது 154 ரூபாய். முதலாளி போட்டது 666 ரூபாய் சொச்சம். ஆக மாதம் 820, வருஷத்துக்குப் பத்தாயிரத்துக்கும் குறைவு. அந்தப் பணத்துக்கு நான், என் மனைவி, மகள், என்னை நம்பியிருக்கிற அப்பா, அம்மா ஆகிய ஐந்து ஜீவன்களுக்கும் வைத்தியம் உண்டு. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதே என்று யாரும் புருவத்தை உயர்த்தவில்லை. அப்பாவுக்கு வயது என்னவென்று கேட்டுத் தொகையைக் கூட்டவில்லை. மூன்று வருஷம் பொறுத்து வா என்று ஒருவரும் சொல்லவில்லை.

பிறகு எனக்கும் சம்பளம் உயர்ந்தது. 22,000 ரூபாய்!

வீட்டில் அன்று பாயசம். மாதம் 1,500 கூடினால் வருஷத்துக்கு 18,000 ஆயிற்றே என்று என் மனைவி விரல் விட்டு எண்ணிச் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷம் தனியார் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் வாசற்படி ஏறுகிற வரைக்கும் நீடித்தது.

*

ஏஜெண்ட் நல்ல மனிதர், பழுதில்லை. "ஒரு நாளைக்கு ஒரு டீ, ஒரு வடை செலவுதான் சார்" என்று ஆரம்பித்தார். எனக்கும் மனைவிக்கும் மகளுக்கும் சேர்த்து எடுக்கிற வரையில் அவருடைய டீக்கணக்கு ஓரளவு பொருந்திவந்தது. அப்பாவுக்கு அறுபத்தெட்டு, அம்மாவுக்கு அறுபத்து நான்கு, சர்க்கரை உண்டு என்று நான் சொன்னதும் அவர் டீயைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

இந்த இடத்தில், வயோதிகத்துக்கும் பிரீமியத்துக்கும் உள்ள சம்பந்தத்தைச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் தனிமனிதர்களுக்கான மருத்துவக் காப்பீடு, 1986-இல் பொதுத்துறைக் கம்பெனிகள் 'மெடிக்ளெய்ம்' என்ற பெயரில் கொண்டுவந்தபோதுதான் பரவலாக அறிமுகமாயிற்று. அன்று முதல் இன்று வரை அதன் சூத்திரம் ஒன்றேதான்: யாருக்கு நோய் வரக்கூடுமோ அவரிடம் அதிகமாக வாங்கு. வியாபாரத்துக்கு அது நியாயம். ஆனால் சம்பாத்தியம் இருக்கிற வாலிபத்தில் மலிவாகவும், சம்பாத்தியம் ஓய்ந்த முதுமையில் எட்டாத உயரத்திலும் நிற்கிற ஒரு சரக்கை, "வாங்காதவன் பொறுப்பில்லாதவன்" என்று விளம்பரங்களில் வந்து நமக்கு உபதேசம் செய்கிறார்களே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பொறுப்பு இல்லாமலா இத்தனை வருஷம் ஐந்து பேருக்குச் சோறு போட்டோம்?

என் பிரயத்தனங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஐந்து லட்சத்துக்குப் பெற்றோருக்குப் பாலிசி கேட்டேன்; தொகையைக் கேட்டுவிட்டு மூன்று லட்சத்துக்கு இறங்கினேன். அதிலும் இருபது சதவீதம் நாமே போட வேண்டும் என்கிற 'கோ-பே' நிபந்தனையை ஏற்றுக்கொண்டால் இன்னும் குறையும் என்றார்கள், ஏற்றுக்கொண்டேன். பிரீமியத்தை மாதத் தவணையாகக் கட்டிப் பார்த்தேன். ஒரு மாதம் ஸ்கூல் பீஸும் அதுவும் ஒரே வாரத்தில் வந்து மோதின. வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்டலாம் என்று மாறினேன்; அந்த வருஷம் மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. கடன்படக்கூடாது என்பதற்காகக் காப்பீடு; காப்பீடு எடுப்பதற்காகக் கடன்! வேறு கம்பெனிக்கு 'போர்ட்' செய்து பார்க்கலாம் என்று விண்ணப்பித்தேன். (2011 முதல் இந்த வசதி உண்டு, பழைய கம்பெனியில் காத்திருந்த காலம் வீணாகாது.) சர்க்கரை என்று எழுதியிருந்த வரியைப் படித்ததும் புதிய கம்பெனி மிகுந்த மரியாதையோடு வருத்தம் தெரிவித்துக் கடிதம் போட்டது.

ஒன்று மட்டும் உருப்படியாக அமைந்தது. எனக்கும் மனைவிக்கும் மகளுக்கும் மூன்று லட்சத்துக்கு ஒரு சாதாரணப் பாலிசியும், மூன்று லட்சத்தைத் தாண்டினால் மட்டும் கைகொடுக்கிற 'சூப்பர் டாப்-அப்' ஒன்றும் சேர்த்து எடுத்தேன். பத்து லட்சத்துக்கு நேரடியாக எடுப்பதைக் காட்டிலும் இது கணிசமாகக் குறைவாக வந்தது. விசாரித்துப் பாருங்கள்.

இன்றைய நிலவரம்: என் சம்பளம் 25,000. எல்லாப் பாலிசிகளுக்கும் சேர்த்து வருஷத்துக்கு 52,000 ரூபாய். அதாவது இரண்டு மாத உழைப்பு முழுவதையும் கொடுத்துவிட்டு, அதற்கு மேலும் இரண்டாயிரம் தேடவேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு இருந்த பதினெட்டு சதவீத ஜி.எஸ்.டி.யை எடுத்துவிட்ட பிறகும் இந்தத் தொகை. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு வருஷத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதானால் தன்னைக் கலந்துகொள்ள வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2025 ஜனவரியில் கட்டளையிட்டது. நல்ல காரியம், ஆனால் அந்தப் பத்து சதவீதத்துக்கு ஈடாக நம் சம்பளமும் ஏறவேண்டும் என்று கட்டளையிட ஓர் ஆணையம் இல்லையே!

*

சரி, இவ்வளவையும் கட்டியாயிற்று. வியாதி வந்தால் கவலையில்லை என்றுதானே நினைப்போம்?

அம்மாவுக்கு நிமோனியா வந்தது. மூச்சுத் திணறலில் ராத்திரி வேளையில் எந்த ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்ததோ அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தோம். (ஆஸ்பத்திரியின் பெயரும் கம்பெனியின் பெயரும் வேண்டாம், எல்லா இடத்துக் கதையும் ஏறக்குறைய இதுதான்.) தெய்வாதீனமாக அம்மா பிழைத்து எழுந்தாள். பில் 1,20,000 ரூபாய் வந்தது. மூன்று லட்சம் பாலிசிதானே இருக்கிறது என்று நான் தைரியமாகத்தான் இருந்தேன்.

இங்கேதான் அறை வாடகை என்கிற விஷயம் பிரவேசிக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உங்கள் பாலிசியிலும் இது இருக்கலாம்.

என் பெற்றோரின் பாலிசியில் ஒரு நாள் அறை வாடகை, காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம். அதாவது 3,000 ரூபாய். அன்றிரவு அங்கே காலியாக இருந்தது 4,500 ரூபாய் அறைதான். மூச்சு விட முடியாமல் தவிக்கிற தாயாரை ஸ்ட்ரெச்சரில் வைத்துக்கொண்டு, "மூவாயிரம் ரூபாய் ரூம் காலியாகிற வரைக்கும் வெளியே காத்திருக்கிறோம்" என்று எந்தப் பிள்ளை சொல்வான்? நாளொன்றுக்கு ஆயிரத்து ஐந்நூறுதானே வித்தியாசம், கையிலிருந்து போட்டால் போகிறது என்பதே நம் புத்திக்கு எட்டுகிற கணக்கு. கம்பெனியின் கணக்கு அப்படியல்ல. உரிமை மூவாயிரம், எடுத்துக்கொண்டது நாலாயிரத்து ஐந்நூறு. ஆகவே மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் பாத்தியதை. அந்த விகிதத்தை அறைக்கு மட்டுமல்லாமல், டாக்டர் பீஸுக்கும் நர்ஸிங் கட்டணத்துக்கும் சேர்த்தே பிரயோகிப்பார்கள்.

பில்லை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அறை வாடகை 27,000. டாக்டர், நர்ஸிங் வகையறா 42,000. மருந்தும் பரிசோதனைகளும் 51,000. முதல் இரண்டிலும் மூன்றிலொரு பங்கு போனால் 18,000-மும் 28,000-மும் நிற்கும். மூன்றாவதில் கையுறை, முகக்கவசம், டயாப்பர் இத்யாதிகளைக் 'கொடுக்கத்தகாதவை' என்று ஒரு ஜாபிதா வைத்துக்கொண்டு 6,000 கழித்தார்கள், மிச்சம் 45,000. (கையுறை போடாமலே ஊசி குத்தச் சொல்லியிருக்கலாம் போலிருக்கிறது.) ஆக 91,000, இதில் இருபது சதவீதம் 'கோ-பே' 18,200 போக, கம்பெனி தரவேண்டியது 72,800.

ஆனால் வந்த கடிதத்தில் 60,800 என்றிருந்தது.

பன்னிரண்டாயிரம் எங்கே போயிற்று என்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மருந்துக்கும் பரிசோதனைக்கும் சேர்த்து அந்த மூன்றிலிரண்டு விகிதத்தைப் போட்டுத் தீட்டியிருக்கிறார்கள்! இது கூடாது. மருந்து, நுகர்பொருள், உடலில் பொருத்துகிற கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றின் விலையில் அறை வாடகை விகிதத்தைக் காட்டிப் பிடித்தம் செய்யலாகாது என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020-ஆம் ஆண்டு வகுத்த நெறிமுறைகளே சொல்கின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டணத்துக்கும் இந்த விகிதம் பொருந்தாது.

கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். கோபமான வார்த்தை ஒன்றும் இல்லை. மூன்று வரி நெறிமுறை, ஒரு பக்கக் கணக்கு, அவ்வளவே. சில வாரங்களுக்குப் பிறகு, மன்னிப்பும் விளக்கமும் ஏதுமின்றி, 12,000 ரூபாய் மட்டும் மௌனமாக வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது.

அன்று வீட்டில் மறுபடியும் பாயசம்.

இதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது என்பதைப் பலர் அறியார்கள். கம்பெனி முப்பது நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியில்லையென்றாலோ, ஒரு வருஷத்துக்குள் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரான 'ஆம்புட்ஸ்மன்' அவர்களிடம் முறையிடலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் உரிய அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது; வக்கீல் தேவையில்லை; ஐம்பது லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. அவர் தீர்ப்பளித்தால் கம்பெனி முப்பது நாளுக்குள் நிறைவேற்றியாக வேண்டும். இந்த ஒரு தகவலுக்காகவேனும் இந்தப் பதிவை இதுவரை படித்தது வீண்போகாது.

(இன்னொரு கிளைக்கதையும் உண்டு. டாக்டர் காலையில் வீட்டுக்குப் போகலாம் என்றார், கம்பெனியின் சார்பில் அனுமதி பார்க்கிற டி.பி.ஏ. கவுண்டரிலிருந்து அனுமதி வந்தபோது ராத்திரியாகிவிட்டது. டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்து மூன்று மணி நேரத்துக்குள் அனுமதி தரவேண்டும், தாமதத்தால் ஏறுகிற செலவு கம்பெனியைச் சேர்ந்தது என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 மே மாதச் சுற்றறிக்கை சொல்கிறதே என்று கவுண்டரில் கேட்டேன். "அது எங்க சிஸ்டத்துல இன்னும் வரல சார்" என்றார் அந்தப் பெண். அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? பாவம், அவரும் பார்க்கிற வேலைக்கு இ.எஸ்.ஐ.தானே!)

*

இப்போது தம்பியிடம் திரும்புவோம்.

அவன் உயர்வை மறுக்க வேண்டியதில்லை என்று சொன்னேன். ஒரு மாதம் தள்ளி வாங்கிக்கொண்டால் போதும். இ.எஸ்.ஐ.யில் வருஷத்தை இரண்டு சந்தாக் காலங்களாகப் பிரித்திருக்கிறார்கள்: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. ஒரு காலத்தின் தொடக்கத்தில் சம்பளம் 21,000-க்குள் இருந்து, நடுவில் அதைத் தாண்டினால், அந்தக் காலம் முடிகிறவரை சந்தாவைத் தொடர்ந்து பிடிப்பார்கள். சந்தாவுக்குரிய பலனும் தொடரும். அக்டோபர் முதல் தேதியே உயர்த்தினால், ஏப்ரல்-செப்டம்பர் சந்தாவின் பலன் அடுத்த ஜூன் முடிய நீளும். பிறகு கதவு சாத்தப்படும். நவம்பர் முதல் தேதியிலிருந்து உயர்த்தினாலோ, மார்ச் வரை சந்தா, அதன் பலன் அடுத்த டிசம்பர் முடிய. ஒரு மாதத்து 1,100 ரூபாயைத் தியாகம் செய்தால் அம்மாவுக்கு ஆறு மாதத்து டயாலிசிஸ்.

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். "அட, அவ்வளவுதானேப்பா" என்று உடனே சம்மதித்துவிட்டார்.

ஆனால் அந்த டிசம்பருக்குப் பிறகு?

நேயர்களே, இந்தக் கேள்விக்கு எங்கெல்லாம் விடை தேடலாம் என்று பாருங்கள். மாநில அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2009-இல் கலைஞர் பெயரால் தொடங்கி, 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு வருஷம் ஐந்து லட்சம் வரை தனியார் ஆஸ்பத்திரியிலும் செலவை ஏற்கிறது. எத்தனையோ இருதயங்களை ஓடவைத்த மகத்தான திட்டம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதில் சேர வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2022-க்கு முன்பு 72,000 ஆக இருந்ததை உயர்த்தித்தான் இவ்வளவு. அதாவது மாதம் பத்தாயிரத்தொரு ரூபாய் சம்பாதிக்கிற குடும்பஸ்தன், ஏட்டளவில் சீமான். எழுபது வயதானவர்களுக்கு வருமானம் பாராமல் ஐந்து லட்சம் என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் விரிவுபடுத்தியது. தம்பியின் தாயாருக்கு வயது ஐம்பத்திரண்டு.

பத்தாயிரத்துக்குக் கீழே இருந்தால் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். ஆலைத் தொழிலாளியாகவோ கடைச் சிப்பந்தியாகவோ இருபத்தோராயிரம் வரை வாங்கினால் இ.எஸ்.ஐ. பார்த்துக்கொள்ளும். லட்சத்தில் சம்பளம் வாங்கினால் கம்பெனியே குரூப் பாலிசி எடுத்துப் பார்த்துக்கொள்ளும். நடுவில் இருபத்தோராயிரத்து ஒரு ரூபாயிலிருந்து நாற்பது, ஐம்பதாயிரம் வரை வாங்குகிற சம்சாரிகளை, ஏணியில் ஏறச் சொல்லிவிட்டு நிற்கிற படியை உருவிக்கொள்வதைப் போல, சந்தையில் விட்டுவிடுகிறோம்.

இ.எஸ்.ஐ. பிறந்த கதையைப் பார்த்தால், அதன் நோக்கம் இதுவன்று என்பது விளங்கும். 1943-இல், யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், தொழிலாளர்களின் நோய்க் காப்பீட்டுக்குத் திட்டம் வகுத்துத் தரும் பொறுப்பைப் பேராசிரியர் பி. பி. அதார்க்கரிடம் ஒப்படைத்தார்கள். அவர் 1944-இல் கொடுத்த அறிக்கையே 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்துக்கு அஸ்திவாரம்; 1952 பிப்ரவரி 24-ஆம் தேதி கான்பூரில் நேரு இ.எஸ்.ஐ.யைத் தொடங்கி வைத்தார். ஏறக்குறைய அதே சமயத்தில்தான், நம்மூர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியாரும் அங்கத்தினராக இருந்த, போர் (Bhore) என்பவர் தலைமையில் அமைந்த கமிட்டி, பணம் கொடுக்க இயலாத காரணத்தால் எவருக்கும் தக்க வைத்தியம் கிடைக்காமல் போகலாகாது என்கிற கொள்கையைத் தன் 1946-ஆம் ஆண்டு அறிக்கையில் பிரகடனம் செய்தது. வெள்ளைக்காரன் கஜானாவைக் காலி செய்துகொண்டிருந்த நாளில் இப்படிச் சிந்திக்க நம் பெரியவர்களுக்குத் தைரியம் இருந்திருக்கிறது!

தொடக்கத்தில் இ.எஸ்.ஐ.யின் வரம்பு மாதம் 400 ரூபாய். அந்த நாளில் நானூறு ரூபாய் வாங்கியவரைத் தெருவே மரியாதையாகப் பார்த்திருக்கும். ஆக, அந்தத் திட்டம் பரம ஏழைக்கு மட்டும் என்று வகுத்ததன்று. உழைத்துச் சம்பளம் வாங்குகிறவர்களில் பெரும்பாலோரை உள்ளே வைத்துக்கொள்ளவே வகுத்தது. பிறகு விலைவாசியைத் துரத்திக்கொண்டு வரம்பும் ஏறியது: 1997-இல் 6,500, 2004-இல் 7,500, 2006-இல் 10,000, 2010-இல் 15,000, 2017 ஜனவரியில் 21,000. அதோடு நின்றுவிட்டது. 2017-இல் மதுரையில் இருந்த வீட்டு வாடகையும் நிற்கவில்லை, பருப்பு விலையும் நிற்கவில்லை.

*

இதுவரை குறை சொன்னவன், நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் போனால் பாவம்.

எங்கள் ஊர்க்காரர்கள் பெரியாஸ்பத்திரி என்று சொல்கிற அரசு ராஜாஜி மருத்துவமனை, எங்கள் வீட்டுக் கணக்கில் எந்தப் பாலிசிக்கும் மேலானது. பாலிசி எடுத்துவிட்டோமே என்கிற அந்தஸ்தில் அதை மறந்துவிடாதீர்கள். அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரைகளும் அம்மாவின் சர்க்கரை மாத்திரைகளும் அரசாங்க மருந்துதான். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் புண்ணியத்தில் ஊழியர் ஒருவர் வீட்டு வாசலுக்கே வந்து, பிரஷர் பார்த்து, மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போகிறார். "அந்தப் பொண்ணு வந்தா எனக்கு பாதி வியாதி போயிருது" என்கிறாள் அம்மா. மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவதற்கென்று 1994-லேயே ஒரு கழகத்தை நிறுவிய மாநிலம் இது. பாதிபேர் பாலிசி புஸ்தகத்தில் 'வெளிநோயாளிச் செலவு கிடையாது' என்கிற வரியைப் படித்துவிட்டு மாதந்தோறும் மருந்துக்கடையில் ஆயிரம் இரண்டாயிரம் என்று அழுதுகொண்டிருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது.

சாலை விபத்தென்றால், முதல் நாற்பத்தெட்டு மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கிற 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பர் முதல் நடக்கிறது. வருமானச் சான்று கேட்பதில்லை. பர்ஸில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பியையும் பெரியாஸ்பத்திரி டயாலிசிஸ் பிரிவுக்கு அழைத்துப்போய்ப் பெயரைப் பதிவு செய்துவைத்திருக்கிறோம். அங்கே காசு கேட்பதில்லை. ஆனால் கூட்டம் அதிகம், முறை வருவதற்குக் காத்திருக்க வேண்டும். டிசம்பருக்குள் இடம் கிடைத்துவிடும் என்றே நம்புகிறோம். நடுத்தர வர்க்கத்தார் நாம், தரும ஆஸ்பத்திரி என்று ஒதுக்கிவிட்டுப் போய்விட்டோம். ஒதுங்கிய பிறகு அங்கே கட்டில் போதவில்லை என்று கேட்கிற வாயும் இல்லாமற் போயிற்று. மறுபடியும் உள்ளே போய் வரிசையில் நின்றால்தான் நம் குரலும் அங்கே கேட்கும் என்பது என் அபிப்பிராயம்.

*

என் கோரிக்கை பெரிதொன்றும் இல்லை.

சம்பள வரம்பை உயர்த்துங்கள். அதோடு, உயர்த்துகிற ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு கூட்டம் கோட்டுக்கு வெளியே விழாமல் இருக்க, வெளியேறுகிறவன் விரும்பினால் முதலாளி பங்கையும் தன் பங்கையும் தானே கட்டிக்கொண்டு உள்ளேயே இருக்க அனுமதியுங்கள். இது நடவாத காரியமன்று. ஐந்து வருஷம் சந்தா கட்டி ஓய்வு பெற்ற தொழிலாளிக்கும் அவர் துணைக்கும் வருஷம் 120 ரூபாய்க்கு வைத்தியம் கொடுக்கிற விதி இன்றைக்கே இ.எஸ்.ஐ.யில் இருக்கிறது. சம்பளம் உயர்ந்ததால் வெளியேற நேர்ந்தவர்களையும் ஓய்வுக்குப் பிறகு திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம் என்று 2024-இல் இ.எஸ்.ஐ. கழகமே முடிவெடுத்திருக்கிறது. ஓய்வு பெற்றபின் சேர்க்க முடிகிறவர்களை, வேலையில் இருக்கும்போதே வைத்துக்கொள்வதில் என்ன கஷ்டம்?

சம்பள ரசீதில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறவர்கள் அதை அலட்சியம் செய்யாதீர்கள். வரம்பை நெருங்குகிறவர்கள் உயர்வு வருகிற மாதத்தைப் பார்த்து வாங்குங்கள். தனியார் பாலிசி எடுக்கிறவர்கள் காப்பீட்டுத் தொகைக்கு முன்னால் அறை வாடகை வரியைப் படியுங்கள். உங்கள் தொகுதி எம்.பி. ஓட்டுக் கேட்டு வருகிறபோது, இந்த 21,000 ரூபாய்க் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள்.

என் சம்பளம் இருபத்தையாயிரத்துக்கு இரண்டு பங்கும் சேர்ந்து நான்கு சதவீதம், மாதம் ஆயிரம் ரூபாய் ஆகிறது. கட்ட நான் தயாராக இருக்கிறேன். வாங்கிக்கொள்ளத்தான் சட்டத்தில் இடமில்லை.